கூடிவிட்டால் காவல் எதற்கு?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஒரு பிளேன்டீ ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் சுற்றாடல் கழகத்தை நடத்துவது நாங்கள் இரண்டு ஆசிரியர்கள். செவ்வாய்க்கிழமைகளில் கடைசிப் பாடவேளை எங்களுடையது. மரம் நடுவது, பொலித்தீன் பொறுக்குவது என்று எத்தனை நாளைக்கு ஓட்டுவது? இந்தத் தவணை பெரிய பிள்ளைகளுக்கு வேறு மாதிரி ஒரு வேலை கொடுத்தோம். ஓர் உயிரினத்துக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பை எப்போது திரும்ப எடுக்கலாம்? எடுத்தால் என்ன நடக்கும்? இதைப் பேசுவதற்கு எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் புளோரிடாவில் இருக்கும் கீ மான்.

ஏன் அவ்வளவு தூரம் போனீர்கள் என்று சிலர் கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மான் ஓர் அதிசயமே இல்லை. திருகோணமலைக்குப் போனால் கோட்டை வாசலிலும் பஸ் நிலையத்துப் பக்கமும் புள்ளிமான்கள் மாடு மாதிரி நிற்கும். கடலைச் சுருள் காகிதத்துக்கு ஆட்டோவுக்குப் பின்னால் வரும். பொலித்தீன் தின்று செத்த மான்களின் செய்தியையும் பிள்ளைகள் அறிவார்கள். கண்ணுக்கு முன்னால் இத்தனை நிற்கும்போது மானுக்கு என்ன ஆபத்து என்றுதான் யாருக்கும் தோன்றும். கீ மானின் வழக்கும் அதே கேள்வியில்தான் தொடங்குகிறது.

முதலில் பெயர். "சாவி மானா சேர்?" என்று ஒருவன் கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தான். ஸ்பானிய மொழியில் சின்னத் தீவுக்குக் 'காயோ' என்பார்கள். அது ஆங்கிலக்காரர் வாயில் 'கீ' ஆகிவிட்டது. புளோரிடாவின் தெற்கு முனையிலிருந்து கடலுக்குள் மணிமாலை போல நீளும் தீவுகள்தாம் புளோரிடா கீஸ். அதன் கீழ்ப்பாதித் தீவுகளில் மட்டும் வாழும் வெண்வால் மானின் ஒரு குட்டை வகை இது. உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. பெரும்பகுதி பிக் பைன், நோ நேம் என்ற இரண்டு தீவுகளில் அடங்கிவிடும். பிக் பைன் மொத்தமே சுமார் 10 சதுர மைல். தோள் உயரம் 60 முதல் 80 சென்ரிமீற்றர், வளர்ந்த ஆண் 25 முதல் 34 கிலோ. குர்பானுக்கு நாம் வாங்கும் நல்ல கிடாய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கண்டல் இலை தின்னும், தீவுக்குத் தீவு நீந்தும். ஆனால் குடிக்க நன்னீர் வேண்டும்.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பனிக்காலம் முடிந்து கடல் உயர்ந்தபோது, பெருநிலத்திலிருந்து துண்டுபட்டுப் போன மான்களின் சந்ததி இவை. கடல் உயர்ந்ததால் உண்டான மான். இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

வேட்டைதான் இவற்றை முதலில் அழித்தது. நாயை விட்டு, புதருக்கு நெருப்பு வைத்து, கடலுக்குள் இறங்கும் மான்களைப் படகில் நின்று அடிப்பார்களாம். 1934இல் டிங் டார்லிங் என்ற புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் இந்தக் கொடுமையை வரைந்தார். 1939இல் புளோரிடா மாநிலம் வேட்டையைத் தடைசெய்தது. சட்டம் தாளில் இருந்தது, காவல் இல்லை. 1950களில் எஞ்சியவை 25 முதல் 50 வரைதான். எங்கள் வகுப்பில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஒன்றிரண்டு கூடக் குறைய.

அந்தக் காலத்தில் மயாமியைச் சேர்ந்த பதினொரு வயதுப் பள்ளிச் சிறுவன் ஒருவன் நாட்டின் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினான், மற்றப் பிள்ளைகளையும் எழுத வைத்தான். வேட்டைக்காரர்களே சேர்ந்து நடத்திய பழைய சங்கம் ஒன்று ஒரு காவலருக்குச் சம்பளம் கொடுத்தது. 1957இல் தேசிய கீ மான் சரணாலயம் அமைந்தது. 1967இல் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இந்த மான் ஏறியது. 1973இல் இன்றுள்ள பெரிய சட்டம் வந்தபோது அந்தப் பாதுகாப்பு இன்னும் இறுகியது.

பலன் கிடைத்தது. 2016 அளவில் மான்கள் ஏறத்தாழ ஆயிரம். வீட்டு முற்றத்தில் நிற்கும், பெருந்தெருவைக் கடக்கும். வாகனம் மோதித்தான் இப்போது அதிகம் சாகின்றன என்பதால் இரவில் வேகம் மணிக்கு 35 மைல் என்று கட்டுப்படுத்தினார்கள். 2003இல் தெருவோரம் வேலி போட்டு, தெருவுக்கு அடியால் இரண்டு சுரங்கப் பாதைகள் கட்டினார்கள். வேலி உள்ள பகுதியில் மோதல் வெகுவாகக் குறைந்தது. ஒரு பாலத்தையே மானுக்காகக் கட்டுவார்களா என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பஸ் நிலையத்து மானை நினைத்துக்கொண்டார்கள் போல.

இனி 2019. அந்த ஓகஸ்டில், மீன் மற்றும் வனஉயிர் சேவை என்ற அவர்களுடைய மத்திய நிறுவனம் கீ மானைப் பட்டியலிலிருந்து நீக்கும் முன்மொழிவை வெளியிடத் தயாராகிறது என்பது வெளியே வந்தது. எண்ணிக்கை தேறிவிட்டது, ஆகவே வெற்றி, ஆகவே காவல் தேவையில்லை. உள்ளூர்க்காரர்களும் சூழலியலாளர்களும் கொதித்தார்கள். நிறுவனம் பின்வாங்கியது. மான் இன்றும் பட்டியலில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நாங்கள் பிரிக்கவில்லை, தானாகவே.

"கூடினா பாதுகாப்ப எடுக்கத்தானே வேணும் சேர்? சுகமானவன ஏன் வாட்டில வெச்சிருக்கணும்?" என்றான் ஒருவன். நல்ல கேள்வி. அந்தச் சட்டத்தின் நோக்கமும் அதுதான். பட்டியலில் ஏற்றுவது சாகும்வரை அங்கேயே வைத்திருக்க அல்ல, இறக்குவதற்கு. வெண்தலைக் கழுகை 2007இல் இறக்கினார்கள், சரியாகவே இறக்கினார்கள். இதே வெண்வால் மானின் இன்னொரு வகை ஒரிகன் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே டக்ளஸ் மாவட்டத்து மான் கூட்டத்தை 2003இல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அவற்றுக்கு மேடான நிலமும், பரந்து போக இடமும் இருந்தன. எங்களுக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சட்டத்தை எடுத்து வாசித்துப் பார்த்தால், 'இத்தனை தலை தேறினால் நீக்கு' என்று எங்கும் இல்லை. சட்டம் கேட்பது ஐந்து விடயங்கள். வாழிடம் அழிகிறதா, மனிதர் அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கிறார்களா, நோயோ இரைகொல்லியோ அச்சுறுத்துகிறதா, மற்றச் சட்டங்கள் போதாமல் இருக்கின்றனவா, வேறு இயற்கை அல்லது மனிதக் காரணங்கள் உண்டா. இதில் ஒன்று இருந்தாலே போதும். தலையை எண்ணுவது சுகம், அதனால் எல்லோரும் தலையைத்தான் எண்ணுகிறார்கள். பரீட்சைப் பெறுபேறு மாதிரி. பிள்ளை 75 எடுத்தது தெரியும், எதை விளங்கி எடுத்தது என்று யார் கேட்கிறார்கள்?

நோய் என்ற அந்த மூன்றாவது விடயத்துக்கு கீ மானை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2016 இலையுதிர் காலத்தில், ஆயிரம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அதே வேளையில், தீவில் மான்கள் உயிரோடு புழுத்துப் போய் நடமாடத் தொடங்கின. திருகுப்புழு ஈ என்ற ஒரு வகை ஈ. மற்ற ஈக்கள் அழுகிய சதையைத் தேடும், இது உயிருள்ள உடம்பின் காயத்தில் முட்டையிடும். புழு பச்சைச் சதையைத் தின்று உள்ளே போகும். அது ஆண் மான்கள் கொம்பு முட்டிச் சண்டையிடும் பருவம், உடம்பெல்லாம் காயம். 135 மான்கள் போயின. சுடப்பட்ட பலவற்றைத் துன்பம் தீரட்டும் என்று சுட்டார்கள். இதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. அறுக்கும் பிராணிக்குக் கூடக் கத்தியைத் தீட்டி வேதனையைக் குறைக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள்.

அதை ஒழித்த விதம் விஞ்ஞானப் பாடத்துக்கே ஒரு பரிசு. இந்த ஈயின் பெண் வாழ்நாளில் ஒருமுறைதான் இணை சேரும். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக் கணக்கில் விட்டால், பெண்கள் அவற்றோடு சேர்ந்து வெறும் முட்டை இடும். நிப்லிங், புஷ்லண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழி. பனாமாவில் உள்ள தொழிற்சாலையில் வளர்த்த ஈக்களைக் கொண்டுவந்து, 18 கோடிக்கும் மேல் அந்தத் தீவுகளில் விட்டார்கள். ஊர்மக்கள் பாணில் மருந்து வைத்து மான்களுக்கு ஊட்டினார்கள். மற்ற நாட்களில் அந்த மானுக்குத் தீனி போடுவது குற்றம் என்பதையும் சொல்லவேண்டும். 2017 மார்ச்சில் ஈ ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆறு மாதம் போகவில்லை, செப்டெம்பர் 10ஆம் திகதி 'இர்மா' சூறாவளி, நான்காம் தரத்தில், பக்கத்துக் கஜோ தீவில்தான் கரையேறியது. மான் குடிக்கும் குட்டைகளுக்குள் கடல் புகுந்தது.

ஒரே வருடத்துக்குள் இரண்டு அடி. ஆயிரம் பேர் பத்து நாட்டில் பிரிந்திருப்பதும், ஆயிரம் பேரும் ஒரே படகில் இருப்பதும் ஒன்றல்ல என்று எங்களில் ஒருவர் சொன்னோம். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள், படகு என்றால் உடனே பிடிபடும். 2003 முதல் சில மான்களைப் பக்கத்துத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டதும் இதற்காகத்தான்.

பிறகுதான் உண்மையான விவாதம் வந்தது, நாங்கள் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து. பின்வரிசையில் பேசாமல் இருந்த ஒரு மகள் எழும்பினாள். "மானுக்குச் சட்டம் போட்டா அங்க காணி இருந்த ஆக்களுக்கு என்ன நடந்திச்சு சேர்? எங்கட வாப்பாட வயலுக்கும் கல்லு போட்டாங்க. உறுதி இருக்கு, மூத்தாப்பா காலத்து வயல். இப்ப அது காடாம்."

கிழக்கில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து பார்த்தால், பற்றை மண்டிய வயலுக்குள் எல்லைக்கல். திணைக்களம் ஒன்று வரைபடத்தில் பச்சை பூசிவிட்டது, வர்த்தமானி வந்துவிட்டது. விதைக்கப் போனால் வழக்கு. எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர்களின் குடும்பங்களிலும் இது நடந்திருக்கிறது, எங்கள் சொந்தக்காரரும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியிருக்கிறார்கள். சுற்றாடல் சட்டம் என்றால் எங்கள் பகுதிப் பிள்ளைக்கு முதலில் ஞாபகம் வருவது மானோ மரமோ அல்ல, அந்தக் கல். இதை மறைத்துக்கொண்டு வகுப்பில் சுற்றாடல் பேசுவது சரியில்லை என்பதே எங்கள் கருத்து.

அவளுக்குப் பதில் சொல்லப் பிக் பைன் தீவிலேயே விடயம் இருந்தது. அங்கும் காணி வாங்கிவிட்டு வீடு கட்ட முடியாமல் வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. 1990இல் ஒரு வழக்குத் தொடங்கியது. வழக்காளியின் பெயரே 'புளோரிடா கீ மான்'. சூழல் அமைப்புகள் மானின் பெயரால் போட்டது. பிரதிவாதி மத்திய அரசின் அனர்த்த முகாமை நிறுவனம். வெள்ள அபாயம் உள்ள தீவில் புதிய வீடுகளுக்கு அரசே மலிவாகக் காப்புறுதி கொடுக்கிறது, அதை நம்பித்தான் கட்டுகிறார்கள், ஆகவே காப்புறுதி கொடுக்கு முன் மானுக்கு வரும் கேட்டை ஆராய வேண்டும் என்பது வாதம். 2005இல் நீதிமன்றம் அப்படியான இடங்களில் புதுக் காப்புறுதிக்குத் தடை போட்டது, 2008இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் மானின் பக்கமே நின்றது.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பார்க்கச் சொன்னோம். அந்த வழக்கு யாருடைய பழைய வயலையும் பறிக்கவில்லை. அரசின் பணத்தை எதில் போடலாம் எதில் போடக்கூடாது என்று அரசின் கையைத்தான் கட்டியது. முடிவுகள் திறந்த நீதிமன்றத்தில் வந்தன. பட்டியலில் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் முன் முன்மொழிவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஏழை விவசாயிக்குத் தெரியாமல் கல் நடுவது காவல் அல்ல. அதைக் காட்டி, காவலே வேண்டாம் என்று சொல்பவர் யார் என்றும் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அவர் விவசாயியாக இருப்பதில்லை. கடற்கரையில் ஹொட்டேல் கட்டக் காணி தேடுபவராக இருப்பார். அவள் முழுதாக ஒப்புக்கொண்டாளா தெரியாது. "அப்ப எங்களுக்கும் அப்பிடிக் கேட்டுப் போட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குமேல் எங்களிடமும் பதில் இல்லை.

எல்லை போட்டு உயிரைக் காப்பது நமக்குப் புதிதும் அல்ல. ஹரம் எல்லைக்குள் வேட்டை இல்லை, இஹ்ராமில் இருப்பவர் வேட்டைப் பிராணியைத் தொடக்கூடாது. மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டாலும் விரட்டமாட்டேன் என்று அபூஹுரைரா (ரழி) அவர்கள் சொன்னதாக வரும் செய்தியை மௌலவி ஒருவர் எங்களுக்கு ஞாபகப்படுத்தினார். மான் பெருகிவிட்டதா என்று பார்த்து அந்த எல்லையை யாரும் தளர்த்தியதில்லை.

பட்டியலிலிருந்து பெயரை எடுக்காமலே பாதுகாப்பை மெலியச் செய்யவும் வழி இருக்கிறது. அதே 2019 ஓகஸ்டில் ட்ரம்ப் நிர்வாகம் அந்தச் சட்டத்தின் விதிகளை மாற்றியது. 'எதிர்நோக்கக்கூடிய காலம்' என்றால் எவ்வளவு தூரம் என்பதற்குப் புது விளக்கம் கொடுத்தது. முடிவெடுக்கும்போது பொருளாதார விளைவைக் கருதக்கூடாது என்ற சொற்றொடரை எடுத்துவிட்டது. 2025 ஏப்ரலில் இன்னொன்று. ஓர் உயிருக்குக் 'கேடு' செய்வது என்பதில் அதன் வாழிடத்தை அழிப்பதும் அடங்கும் என்ற நீண்டகால விளக்கத்தையே நீக்க முன்மொழிந்தார்கள். 1995இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் சரி என்று ஏற்ற விளக்கம் அது. மானைச் சுடாதே, ஆனால் அது நிற்கும் காட்டை வெட்டலாம் என்ற மாதிரி. தமிழ் படிப்பிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஒரு சொல்லின் பொருள் மாறினால் ஒரு தீவு போய்விடும்.

இப்போது கடலுக்கு வருவோம். பிக் பைன் தீவு தட்டையானது, ஆக உயர்ந்த இடமே இரண்டரை மீற்றர் வரைதான். சுண்ணாம்புப் பாறைக்குள் மழைநீர் ஒரு மெல்லிய படையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது, மான் குடிப்பது அதைத்தான். எங்கள் பக்கம் கடலோரக் கிணறுகள் கோடையில் கரிப்பது போல, அங்கும் உப்பு உள்ளே வருகிறது. உப்பேறிய இடங்களில் பைன் மரங்கள் பட்டுப்போய்க் கண்டல் முன்னேறுகிறது. மேலேயுள்ள கீ லார்கோ தீவில் ஒரு வகை மரக்கள்ளி அமெரிக்காவில் இருந்தே அற்றுப்போய்விட்டதாக 2024இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். முக்கிய காரணமாகச் சொன்னது கடல்மட்ட உயர்வை. 'எதிர்நோக்கக்கூடிய காலம்' என்ற சொற்றொடரை அகலமாக வாசித்தால் மான் பட்டியலில் இருக்கவேண்டும், குறுக்கி வாசித்தால் போகலாம். 2019இல் இருந்த இழுபறியின் சாரம் அது.

போதாததற்குத் திருகுப்புழுவும் திரும்புகிறது. 2023இல் பனாமாவில் பெருகி, வடக்கே ஏறி, 2024 நவம்பரில் மெக்சிக்கோவுக்குள் வந்துவிட்டது. 2025இல் அமெரிக்க எல்லைக்கு நூறு மைலுக்கும் உள்ளே மாடுகளில் கண்டுபிடித்தார்கள்.

"பட்டியல்ல இருந்தா மட்டும் கடல் நிக்குமா சேர்?" என்று கேட்டது எட்டாம் ஆண்டுக்காரன், அண்ணனோடு சேர்ந்து சும்மா வந்து உட்கார்ந்தவன். நிற்காது. ஆனால் பட்டியலில் இருந்தால், குட்டையில் உப்பு எவ்வளவு என்று அளக்க ஒருவருக்குச் சம்பளம் இருக்கும். புழு வந்தால் அன்றே ஓட ஒரு நிறுவனத்துக்குக் கடமை இருக்கும். அடுத்த வீதியைப் போடுமுன் அரசு யாரையாவது கேட்டாக வேண்டியிருக்கும். எடுத்துவிட்டால் குறைந்தது ஐந்து வருடம் கண்காணிக்கவேண்டும், அதற்குப் பிறகு யாருக்கும் கட்டாயம் இல்லை.

மான்களைப் பெருநிலத்துக்குக் கொண்டுபோகலாமே என்றார்கள். கொண்டுபோகலாம். ஆனால் அங்கே அதே இனத்தின் பெரிய மான்கள் இருக்கின்றன, இணை சேரும். சில தலைமுறையில் குட்டை மான் என்ற ஒன்று இருக்காது. மிருகக்காட்சிச் சாலையில் வைத்தால் உயிர் இருக்கும், தீவு இருக்காது. மூழ்கும் தீவிலேயே விட்டால் தீவும் இருக்காது, மானும் இருக்காது. கடல் உயர்ந்து பிரித்த மானை, கடல் உயர்ந்து மறுபடி சேர்க்கிறது என்றாள் அதே பின்வரிசை மகள். சேர்ந்தபின் அது கீ மானா, வேறு மானா? ஒரு பக்கம் "மான்தானே சேர், உயிர் தப்பினாச் சரி" என்றது. மறுபக்கம் ஒப்பவில்லை. மணி அடித்தும் பஸ்ஸுக்கு ஓடாமல் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

வரும் செவ்வாய் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். உங்களுக்கு ஏதும் தோன்றினால் கீழே எழுதுங்கள், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறோம். காணி விடயத்தில் அனுபவம் உள்ளவர்களும் எழுதுங்கள், பெயர்கள் வேண்டாம்.